சிங்கத்துக்கு எண்ணெய்க்காப்பு

யோகநாதனுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேல் கோட்டைப் படி ஏறமாட்டான் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்த வரியை எழுதும்போதே என் மனைவி மலர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"உதையும் எழுதப் போறியளோ? சனம் என்ன நினைக்கும்?"

சனம் நினைக்கிறதை நினைக்கட்டும். வேலை செய்து ஓய்ந்த மனுசன் அனுபவம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

யோகநாதன் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் கோட்டையைப் பராமரித்து ஓய்வு பெற்றவன். நான் மொன்றியலில், வில்லரேயில் ஒரு செங்கல் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரித்து ஓய்வு பெற்றவன். பார்க்கப்போனால் இரண்டும் ஒரே வேலைதான்: கொதிகலன், குழாய், சாவி, பனி, குப்பை. ஆனால் கோட்டை கோட்டைதானே. அவன் வேலை செய்த இடத்தைப் பார்க்கச் சனம் பஸ் பிடித்து வருகிறது. என்னுடைய கட்டடத்துக்கு வாடகை வீடு தேடி வந்தவர்களைத் தவிர வேறு யாரும் வந்ததில்லை. அந்தக் கோட்டை வேலை எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்து வைத்தான் என்று யாரும் சொல்லக் கூடாது.

இப்போது அந்தக் கோட்டை கலியாண விடுதியாகிவிட்டது. கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி, கோட்டை எந்தெந்தக் காலத்தில் யார் யாருக்கு எதற்கெல்லாம் பயன்பட்டது என்று படமும் எழுத்துமாகச் சுவரில் வைக்கப் போகிறார்களாம். எங்கள் காலத்துக்கும் ஒரு சுவர். அந்தச் சுவரில் என் பெயர் வருமா, வராதா? மொன்றியலின் மேற்கே, பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டில் போன மாதம் முழுக்க இதே கதைதான்.

எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து தப்பி, பெர்லின் வழியாக ஜெர்மனிக்குள் வந்த எங்களைப் பிரித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். முகாம் என்றதும் நான் கூடாரத்தை நினைத்திருந்தேன். பஸ் போய் நின்ற இடத்தில் கோபுரமும் அகழியும் இரும்புக் கதவும் இருந்தன. பக்கத்தில் இருந்த ஒருவர், "என்ன தம்பி, ராசா வீட்டில விருந்தோ? இல்லாட்டி மறியலோ?" என்று கேட்டார். விருந்தும் இல்லை, சிறையும் இல்லை. வெறுமையாகக் கிடந்த பெரிய கட்டடம், அகதிகளைப் போட்டு வைக்கத் தோதாக இருந்தது, அவ்வளவுதான்.

கோட்டைக்குப் பொறுப்பாக இருந்தவர் லோரன்ஸ். ஐம்பதை நெருங்கியவர், சாம்பல் நிற மேலங்கி, இடுப்பில் சாவிக்கொத்து. சத்தம் போடமாட்டார். எங்காவது பிழை கண்டால் அந்த இடத்தில் போய் நின்று, விரலை மடக்கிச் சுவரில் தட்டிக் காது கொடுப்பார். பிறகு திரும்பி எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையை வாங்குவதைவிட இரண்டு ஏச்சு வாங்கிக்கொண்டு போகலாம்.

அகதி விண்ணப்பம் முடியும்வரை வெளியே வேலைக்குப் போக அனுமதி இல்லை. சும்மா கட்டிலில் கிடந்தால் விசர் பிடிக்கும் என்று நான் அவருக்கு உதவியாகப் போனேன். கொதிகலனும் பூட்டும் குழாயும் ஒரு குளிர்காலத்துக்குள் பழகிவிட்டேன். அவர் சொல்வதில் பாதிதான் எனக்கு விளங்கும். மீதியைக் கையால் காட்டுவார்.

கோட்டையின் கதையையும் அப்படித்தான் காட்டினார். கீழே கிடக்கும் தடித்த சுவர், ஆற்றில் போன படகுகளிடம் தீர்வை பிடுங்கியவர்கள் கட்டியது. மேல் மாடி, பிறகு வந்த ஒரு பிரபு வேட்டைக்கு வந்தால் தங்கக் கட்டியது. பிரபுவின் வம்சம் நொடிந்துபோக அரசாங்கம் அதை எடுத்து நீதிமன்றம் நடத்தியது. எங்கள் உருளைக்கிழங்குச் சாக்குகள் கிடந்த நிலவறைதான் அந்தக் காலத்து மறியல். பிறகு பெண்பிள்ளைகளுக்குச் சமையலும் தையலும் படிப்பித்த பள்ளிக்கூடம். யுத்தத்தில் ஆஸ்பத்திரி. யுத்தம் முடிய, கிழக்கேயிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன் குடும்பங்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

"அதில் நானும் ஒருவன்" என்றார் லோரன்ஸ்.

எங்கள் கட்டில்கள் கிடந்த அதே பெரிய மண்டபத்தில் தாயோடு வைக்கோல் மெத்தையில் படுத்த பிள்ளை அவர். மண்டபக் கதவின் பின்பக்கத்தில் கத்தியால் கீறிய ஓர் ஊர்ப் பெயரைக் காட்டினார். விட்டுவிட்டு வந்த ஊர். சின்ன வயதில் தானே கீறியதாம். அந்தக் கதவுக்குப் பின்னாட்களில் எத்தனையோ தரம் வர்ணம் பூசியும், அந்த இடத்தை மட்டும் விட்டுப் பூசியிருந்தார்.

மண்டபத்துக் கூரை முழுக்க மரப்பலகை. அதில் மானும் நாய்களும் கொம்பு ஊதுகிற ஆளுமாக ஒரு வேட்டை வரைந்திருந்தது. அந்தக் கூரையில் லோரன்ஸுக்கு உயிர். கீழே நாங்கள் மூச்சு விடுகிறோம், ஈரத் துணி காயப் போடுகிறோம், கூடாது என்று சொன்ன மின்னடுப்பில் களவாகச் சோறு காய்ச்சுகிறோம். அந்த ஆவி மேலே போய்ப் படிந்தால் நிறம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். எங்களுடைய ஆட்களோ குளிருக்குப் பயந்து யன்னல் இடுக்குகளில் துவாயை அடைத்து, அதற்கு மேல் ஒட்டுநாடாவும் ஒட்டியிருந்தார்கள்.

யன்னல் திறக்கும் பொறுப்பை லோரன்ஸ் என்னிடம் தந்தார். யன்னல் திறக்கிறது ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். சும்மா கொஞ்சம் நீக்கி விட்டுவிட்டுப் போகக் கூடாது, அப்படி விட்டால் சுவர் குளிர்ந்து ஈரம் பிடிக்கும். முதலில் சூடாக்கியைத் திருகிப் பூட்டி அணைக்க வேண்டும். பிறகு எதிரெதிரான யன்னல்களை அகலத் திறக்க வேண்டும், காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வேண்டும். கண்ணாடியில் படிந்த நீர் மறையும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மறைந்ததும் யன்னலின் இரட்டைக் கதவுகளில் வெளிக் கதவை முதலும் உட்கதவைப் பிறகுமாகச் சாத்திவிட்டு, கடைசியாகச் சூடாக்கியைத் திறக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு நாள் தவறாமல் செய்தேன். நான் மண்டபத்துக்குள் காலடி வைத்தாலே போர்வைகளுக்குள்ளிருந்து ஏச்சு வரும்.

"ஆமிக்காரனிட்டத் தப்பி வந்தது உன்ர கையால விறைச்சுச் சாகவோ?"

"இந்தா, வந்திட்டான் யன்னல் தவம்!"

என் பெயர் தவராசா. அந்தக் கோட்டையில் எனக்குக் கிடைத்த பட்டம் யன்னல் தவம். நான் இருந்த காலம் முழுக்க அந்தக் கூரையில் ஒரு செதில் உரியவில்லை. யாராவது அதை ஒரு வார்த்தை சொன்னார்களா? கேட்காதீர்கள்.

யோகன் எனக்குப் பின்னால் வந்தவன், வயதிலும் இளையவன். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். வந்த கிழமையே சமையலறைப் பெண்கள் அவனுக்குப் பாண் துண்டு ஒன்று கூடுதலாக வைத்தார்கள். எனக்கு வைத்ததில்லை. அதையும் நான் கவனித்தேன்தான்.

கோட்டை வாசலில் ஒரு கல் சிங்கம், முன்னங்காலில் கேடயத்தைப் பிடித்தபடி நிற்கும். யோகன் வெள்ளிக்கிழமைகளில் அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கினான். மண்டபத்தில் பெரிய சண்டை.

"சிங்கத்துக்கோ விளக்கு? சிங்களவங்கட கொடியில நிக்கிறதும் உதுதானே! உனக்கு வெக்கமில்லையோ?"

"கொடியை விடுங்கோ அண்ணை. இது அம்மன்ர வாகனம். வாகனம் வாசலில நிண்டா அம்மன் உள்ளுக்கு நிக்கிறா எண்டுதானே அர்த்தம்?"

கொஞ்ச நாளில், சண்டை பிடித்தவர்களே அவனோடு போய் நின்று கும்பிட்டார்கள். பனிக்காலம் முடிகிற நேரம் அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. ஊர்க் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்கு முதல் மூர்த்திகளுக்கு எண்ணெய்க்காப்பு வைப்போம். சனம் வரிசையில் நின்று ஆளாளுக்குச் சிலையில் எண்ணெய் தடவும். கருங்கல் கறுத்து மினுங்கும். எண்ணெய் கல்லுக்கு நல்லது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? சமையலறையிலிருந்து சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தல் வந்தது. யோகன் சிங்கத்தின் தலையில் கொஞ்சம் வார்த்தான். உடனே காணாமல் போய்விட்டது.

"பாத்தியளே, என்ன விடாய் எண்டு! பாவம், பனிக்குள்ள நிண்டு காய்ஞ்சு போச்சு" என்று இன்னும் வார்த்தான்.

மற்றவர்களும் வரிசையில் நின்று தலை, பிடரி, முதுகு என்று தடவினார்கள். அந்தச் சிங்கம் கருங்கல் இல்லை, அந்தப் பக்கத்து மணற்கல். கருங்கல்லில் எண்ணெய் மேலே நிற்கும், மணற்கல் குடித்துவிடும். இது அன்றைக்கு எனக்கும் தெரியாது. ஆனால் நான் தொடவில்லை. "தவண்ணை, நீங்களும் ஒருக்கா வையுங்கோ" என்று யோகன் போத்தலை நீட்டினான். கோட்டையில் எதையும் தொடக் கூடாது என்று லோரன்ஸ் சொல்லியிருந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வெயில் வந்ததும் கறை தெரிந்தது. தலையிலிருந்து முதுகுவரை கறுப்பாக, ஊறி, தூசி பிடித்துப் போய் நின்றது சிங்கம். லோரன்ஸ் சோடா கரைத்துத் தேய்த்துப் பார்த்தார், அசையவில்லை. பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார்கள். யார் செய்தது என்று அதிகாரி கேட்டார். அகதி விண்ணப்பம் அதோடு போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும். நான் லோரன்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் என் கவலை.

யோகன் முன்னுக்கு வந்தான். "நான்தான்" என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னான். "கல்லு காய்ஞ்சு கிடந்தது. எங்கட நாட்டில கல்லுக்கு எண்ணெய் வைக்கிறது மரியாதை."

இனிப் பொலிஸ்தான் என்று நினைத்தேன். லோரன்ஸ் போய்ச் சிங்கத்தின் முதுகில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "இவன்தான் ஊற்றினான், இவனே எடுப்பான்" என்றார். அவருடைய வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் அவரோடு அத்தனை காலம் நின்றும் அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை.

கல் வேலை தெரிந்த ஒரு பெண்ணை அழைத்தார்கள். அவள் யோகனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். வெள்ளைக் களிமண்ணை ஒரு திரவத்தில் குழைத்து, கறை மேல் விரல் தடிப்புக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவார்கள். களிமண் மெல்ல மெல்ல எண்ணெயை இழுக்கும். தாளை எடுத்துக் காயவிட்டு, கல்லின் மணி உதிராமல் மரக் கரண்டியால் உரிப்பார்கள். உரித்த மண்ணில் மஞ்சள் ஊறியிருக்கும். திரும்பவும் குழைத்து, திரும்பவும் அப்புவார்கள். கோடை முழுக்க இதே வேலை. கறை வெளிறியது, ஆனால் போகவில்லை.

நான் மேலே யன்னலைத் திறந்துவிட்டுக் கண்ணாடி காயும்வரை நிற்பேன். கீழே யோகனும் லோரன்ஸும் சிங்கத்தின் மேல் குனிந்து நிற்பது தெரியும். லோரன்ஸ் தன்னுடைய கோப்பிப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி அவனுக்குக் கொடுப்பார். எனக்கு ஒரு சொட்டுக் கோப்பி தந்ததில்லை அந்த மனுசன். மனசு எரிந்தது. யன்னலைப் படார் என்று சாத்தினால் கண்ணாடி உடையும் என்பதால் மெதுவாகத்தான் சாத்தினேன்.

முகாமை மூடி, கோட்டையைச் சங்கீதப் பள்ளிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்கும் யோகனுக்கும் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. லோரன்ஸுக்கு ஓர் உதவியாள் தேவை. அவர் கேட்டால் ஒருவனுக்கு வேலையும் நாட்டில் இருக்கிற அனுமதியும் கிடைக்கும். ஒரேயொருவனுக்கு. அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஊருக்குக்கூடச் சொல்லியனுப்பிவிட்டேன்.

லோரன்ஸ் என்னைக் கொதிகலன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தவா, உன்னில் ஒரு பிழையும் இல்லை" என்றார்.

அந்தத் தொடக்கத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"நீ எங்கே போனாலும் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவன் இந்தக் கல்லில் கை வைத்துவிட்டான். இனி இதை விட்டுப் போகமாட்டான்."

நான் சாவியை மேசையில் வைத்தேன். பழுதாக்கினவனுக்கு வேலை, பாதுகாத்தவனுக்கு வாசல். இதை எந்த நாட்டு நியாயத்தில் சேர்ப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மச்சான் மொன்றியலில் இருந்தார், இங்கே வந்து சேர்ந்தேன். கொஞ்சக் காலம் உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு வில்லரேக் கட்டடம். வெளிப்படிகளில் உறைந்த பனியை உடைத்ததும், கொதிகலனோடு மல்லுக்கட்டினதும், அகதி உதவிப் பணத்தில் முதல் மாத வாடகை கட்டி வந்த குடும்பங்களுக்குச் சூடாக்கி திருகக் காட்டிக் கொடுத்ததுமாக முப்பது வருசத்துக்குக் கிட்டப் போய்விட்டது. அங்கேயும் பொது நடைகளில் காலையும் மாலையும் யன்னலைத் திறப்பேன். மூன்றாம் மாடிக் கிழவி கதவைத் திறந்து, "முசியே தவா, ஓன் ஜெல்!" என்று கத்துவாள். விறைக்கிறதாம். எந்த மொழியில் ஏசினாலும் ஏச்சு ஒன்றுதான். சுவரில் பூஞ்சணம் வராத கட்டடம் அந்தத் தெருவில் என்னுடையது மட்டும்தான்.

யோகன் அங்கேயே கலியாணம் செய்து, லோரன்ஸுக்குப் பிறகு கோட்டைக்குப் பொறுப்பாளியுமாகிவிட்டான். வருசாவருசம் படம் அனுப்புவான். சங்கீதப் பள்ளி போய்க் கலியாண விடுதி வந்ததும் படங்கள் கூடிப்போயின. பெண்ணும் மாப்பிள்ளையும் சிங்கத்தின் கறுத்த பிடரியைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். தடவினால் குடும்பம் நிலைக்குமாம். யார் கிளப்பின கதை என்று கேட்டால், "சனமாச் சொல்லுது அண்ணை" என்பான். இரண்டு தரம் நான் ஐரோப்பா போயும் அந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. மலர் கேட்டதற்கு ரயில் வசதி இல்லை என்று சொன்னேன்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"தவண்ணை, கண்காட்சி செய்யிற பிள்ளை உங்களோட கதைக்க வேணுமாம். நான் உங்கட பேரைக் குடுத்தனான்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "கூரையைப் பற்றிச் சொன்னனியோ? யன்னலை?"

"சொன்னனான். கேட்டாள், எழுதேல்லை. சிங்கத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதால, முதல் எண்ணெய் வைச்சது நீங்கள் எண்டு சொல்லிப்போட்டன்."

"டேய்! உனக்கு விசரே? நான் தொட்டனானோ?"

"இல்லைத்தான் அண்ணை. ஆனா யன்னல் திறந்த ஆளெண்டு சொன்னா உங்கட பேர் சுவருக்கு வராது. எனக்கு மூண்டு வரி எழுதியிருக்கிறாள். அதில பாதி உங்களுக்கு இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். எனக்குப் பங்கு பிரித்துத் தர இவன் யார்? குடிபோன வீட்டில் மிஞ்சின சாமானை அயலுக்குக் கொடுக்கிற மாதிரி எனக்குத் தருகிறான். அதுவும் எதை? நான் செய்யாத ஒரேயொரு பிழையை! மலரிடம் கத்தினேன்.

"அந்தப் பிள்ளை எடுக்கட்டும். நான் உள்ளதைச் சொல்லுறன். அவன்ர வண்டவாளமும் வெளியில வரட்டும்."

மலர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? சொன்னா உங்கட பேர் போகும், அவற்ர பேர் நிக்கும். அவ்வளவுதானே" என்றாள்.

அந்தப் பெண் போன சனிக்கிழமை வீடியோவில் வந்தாள். என் மகளைவிட இளையவள். எனக்கு ஜெர்மன் துருப்பிடித்துப் போயிருந்தது. இருந்தாலும் ஒரு கிழமையாகச் சொற்களைத் தேடிப் பொறுக்கி வைத்திருந்தேன். சூடாக்கியை ஏன் முதலில் பூட்ட வேண்டும், எந்தக் கதவை முதல் சாத்த வேண்டும், ஆவி எப்படி நிறத்தைத் தூக்கும் என்று எல்லாம் சொன்னேன். கூரை இன்றைக்கும் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"மிக நன்றாக இருக்கிறது" என்றாள். "கலியாண விருந்து அதன் கீழேதான் நடக்கிறது." அவள் கையில் பேனா இருந்தது, ஆனால் அது அசையவில்லை.

"சிங்கத்துக்கு வருவோமா?" என்றாள். "முதலில் எண்ணெய் வைத்தது நீங்கள் என்று யோகநாதன் சொன்னார். உங்களிடம் உறுதிப்படுத்தாமல் சுவரில் போடமாட்டோம். அது உண்மையா?"

சமையலறையில் பயற்றங்காய் முறிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளுடைய பேனாவைப் பார்த்தேன். அது தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றேன். அவளுக்கு விளங்காது என்று நினைவு வந்து, ஜெர்மனில் திரும்பவும் சொன்னேன். "உண்மைதான். முதல் கை என்னுடையது."

பேனா ஓடத் தொடங்கியது. வேகமாக எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்து, "மிக்க நன்றி. அப்படியானால் இரண்டு பெயர். பொறுப்பின்படி போட்டால் யோகநாதன் மேலே வருவார், எழுத்து வரிசையில் போட்டால் தவராசா என்பதுதான் முன்னால் வரும் என்கிறார் அவர். எங்களுக்கு எந்த ஒழுங்கும் சரிதான். எப்படிப் போடட்டும்?" என்று கேட்டாள்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றேன். "முதல் வைத்தவனை மேலே போடுங்கள்."